கயிற்றைப் பார்க்காத கதவு

ஆறாவது மாடிக்கு நூற்றிருபது படிகள். தையற்கார அக்கா அறுபதாவது படியில் நின்றுவிடுவார். அந்த அறுபதாவது படி மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது.

முதலில் நகங்கள் கேட்கும். நான்கு கால்களின் நகங்கள், சிமெண்டுப் படியில், யாரோ பட்டாணியைத் தரையில் உதிர்ப்பது போல. பிறகு கைப்பிடிக் கம்பியில் அக்காவின் மோதிரம் உரசும். கடைசியாக மூச்சு வரும். வாசலுக்கு வந்ததும் நகங்களும் மோதிரமும் நின்றுவிடும், மூச்சு மட்டும் நிற்காது. நான் உள்ளே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து அதை எண்ணிக்கொண்டிருப்பேன். முதல் நாள் நாற்பது மூச்சில் மறுபடி ஏறத் தொடங்கினார். பத்தாவது நாள் எழுபதைத் தாண்டியது.

எண்ணுவது என் தொழிலில் வந்த பழக்கம். நான் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மோட்டார் அறையில் பத்து நிமிடம் எதையும் தொடாமல் நிற்பேன். பேரிங் தேய்ந்திருந்தால் ஒரு ஓசை, பிரேக் பிடிக்காவிட்டால் வேறு ஓசை. கூட வருகிறவர்கள் பேசினால் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறேன் என்பது மனைவியின் குறை. செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி காதையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரக் கூடாதா என்று கேட்பாள்.

பத்தாவது நாள் அவளே எழுந்து போய்க் கதவைத் திறந்து அக்காவுக்குத் தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வந்து, காலியான தம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"ஏற வச்சது நீங்க. தண்ணி குடுக்கறது நான். நல்லா இருக்குங்க நம்ம குடும்பம்."

நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. பதினோரு வருடமாக இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் ஏழு மாடி, ஒரே லிஃப்ட். அதைப் பராமரிப்பது நான் வேலை செய்யும் கம்பெனி. ஊரிலுள்ள மற்ற லிஃப்டுகளோடு இதுவும் என் பொறுப்பில் இருந்தது. லிஃப்டில் நாய் ஏறலாமா என்ற பேச்சு இரண்டு வருடமாக அங்கங்கே புகைந்து, போன மாதம் கூட்டத்துக்கு வந்தது. கீழே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் இரண்டாவது மாடி மருந்துக்கடைக்காரர். கட்டடத்தில் யாருக்கு என்ன நோய் என்பது வீட்டுக்காரர்களை விட அவருக்கு நன்றாகத் தெரியும். தையற்கார அக்காவுக்கு மூச்சு மருந்து கொடுப்பவரும் அவர்தான்.

கட்டடத்தில் இருந்த நாய் ஒன்றுதான். அக்காவின் நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். அதற்கு வக்கீல் என்று பெயர். ஃபீஸ் வாங்காமல் வாயைத் திறக்காது என்பதால் அக்கா வைத்த பெயர். ஒரு பிஸ்கட் கொடுத்தால் ஒரே ஒரு முறை குரைக்கும், அத்தோடு வாதம் முடிந்தது.

கூட்டத்தில் முடி உதிர்கிறது என்றார் ஒருவர். மழை நாளில் நாற்றம் என்றார் இன்னொருவர். முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண், நாயோடு அந்தச் சின்னப் பெட்டிக்குள் நின்றால் தனக்குக் கை கால் ஆடுகிறது என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள். அவள் சொன்னது பொய் இல்லை. கேட்கவே பாவமாக இருந்தது. நான்காவது மாடி வாத்தியார் மட்டும், நாற்றம்தான் காரணமென்றால் தடை செய்ய வேண்டியவர்கள் பட்டியல் நாயிலிருந்து தொடங்காது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரரும் சிரித்துவிட்டு, "குரைக்கிற நாய் கடிக்காதுன்னு சொல்லுவாங்க. இது குரைக்கவே மாட்டேங்குதே, அப்ப என்ன அர்த்தம்?" என்றார். அதற்கும் சிரிப்பு.

பிறகு என் பக்கம் திரும்பினார். "மெக்கானிக் என்ன சொல்றீங்க? லிஃப்ட் உங்களுதுதான்."

நான் எழுந்து நின்றேன். "லிஃப்ட்டுக்குள்ள நாய் வேண்டாம். பாதுகாப்பில்ல" என்றேன். உட்கார்ந்தேன்.

அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. மெக்கானிக்கே சொல்கிறார் அல்லவா. ஒன்பது கைகள் உயர்ந்தன. அக்கா சண்டை போடவில்லை. எழுந்து, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"எது பாதுகாப்பில்ல தம்பி? லிஃப்ட்டா, நாயா?"

 என் மௌனத்தை எல்லோரும் அவரவர் விருப்பப்படி படித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்கு நாயைப் பிடிக்காது என்று கட்டடத்தில் ஒரு பேச்சு. நாய் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது எங்கள் லிஃப்ட்டின் கதவு.

அந்தக் கதவில் இரண்டு கண்கள் உண்டு. ஒன்று முழங்காலுக்குக் கீழே, இன்னொன்று இடுப்புக்கு மேலே. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி போகும். நடுவில் எதுவாவது மறைத்தால் கதவு திறந்துகொள்ளும். அதைச் சோதிப்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் ஒன்றைத்தான் செய்வோம். மூடுகிற கதவுக்கு நடுவே காலை நீட்டுவோம், கையை நீட்டுவோம். கதவு திறந்தால் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் செய்தார். மனிதக் கை கால் அளவுக்குத் தடிமனாக இல்லாத எதையும் நாங்கள் நீட்டிப் பார்த்ததில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால், வேறொரு கட்டடத்தில், அப்படி ஒரு கதவைச் சோதித்துச் சரி என்று எழுதினேன். மறுநாள் காலை அவசரமாகக் கூப்பிட்டார்கள். ஒருவர் நாயோடு வெளியே கிளம்பியிருக்கிறார். அவர் லிஃப்டுக்குள் போய்விட்டார். நாய் வெளியே பூந்தொட்டியை முகர்ந்துகொண்டு நின்றிருக்கிறது. கயிறு இரண்டு கண்களுக்கும் நடுவே இருந்தது. கதவு அதைப் பார்க்கவில்லை. மூடியது. லிஃப்ட் கிளம்பியது.

நான் போனபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கயிற்றை அறுத்தேன், அவ்வளவுதான். அவருடைய உள்ளங்கையில் தோல் இல்லை. விடாமல் பிடித்திருக்கிறார், பிடித்தால் நிறுத்திவிடலாம் என்று நினைத்திருக்கிறார். படியில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கதவு ஏன் திறக்கவில்லை? கயிறு மெல்லியது என்றேன். அவர் தலையாட்டி, வந்ததற்கு நன்றி சொன்னார். அந்த நன்றி இன்னும் எனக்குள் செரிக்காமல் கிடக்கிறது. விசாரணையில், நாயை அழைத்துவந்தவரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

எங்கள் கட்டடத்து லிஃப்டிலும் அதே மாதிரிக் கண்கள்தான். மேலிருந்து கீழ்வரை முழுக் கதவையும் பார்க்கிற ஒளிப்பட்டைகள் இப்போது வந்துவிட்டன. அதை மாற்றச் சொல்லி நான் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள். இத்தனை வருடம் சரி என்று கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்பார்கள். அதற்குப் பதில், நாய் வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. நாய் வராவிட்டால் கயிறு வராது. கயிறு வராவிட்டால் கதவின் குருடு யாருக்கும் தெரியாது. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். நான் நாயைக் காட்டிக் கல்லை மறைத்தேன்.

பதினோராம் நாள் ஓசை மாறியது.

நகங்கள் மட்டும் கேட்டன. வேகமாக, படிகளில் உருண்டு விழுவது போல, மேலிருந்து கீழே. மோதிரமும் மூச்சும் இல்லை. நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். வக்கீல் எங்கள் தளத்தில் வழுக்கித் திரும்பிக் கீழே பாய்ந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் கயிறு படிகளில் தட்டிக்கொண்டே போயிற்று. பக்கத்தில் லிஃப்ட் இறங்கும் ஓசை.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். நாய் ஏறக் கூடாது என்றுதானே சட்டம்? அவர் லிஃப்டில் வருவார், வக்கீல் படியில் வரும். கீழே இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். திரும்பும்போதும் அப்படியே. இரண்டே நாளில் கட்டடத்துக்கே அது வேடிக்கையாகிவிட்டது. இன்று யார் முதலில் என்று வாத்தியார் கீழே நின்று பார்ப்பார். மருந்துக்கடைக்காரர்கூட, சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதால்தான் அதற்கு வக்கீல் என்று பெயர் என்று சொல்லிச் சிரித்தாராம். அக்காவின் மூச்சும் தேறியது. மனைவி என்னிடம், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, இனியாவது முகத்தை நேராக வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

எனக்குத் தூக்கம் போனது. என் கண்ணில் நாய் தெரியவில்லை, கயிறுதான் தெரிந்தது. முன்பு நாயும் அக்காவும் ஒன்றாக உள்ளே நின்றார்கள், கயிறும் உள்ளே இருந்தது. இப்போது நாய் வெளியே, அக்கா உள்ளே. பதினோரு வருடத்துக்கு முன்னால் கதவின் இரண்டு பக்கமும் எது எது இருந்ததோ அதே வரிசை. நானே கொண்டுவந்த சட்டம் அவர்களை அப்படி நிறுத்தியிருந்தது. இன்னும் வேண்டியது ஒன்றுதான், கயிற்றின் ஒரு முனை உள்ளே போக வேண்டும்.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மாலை, அளவு சரியாகவே இருந்த ஒரு கால்சட்டையை எடுத்துக்கொண்டு ஆறாவது மாடிக்குப் போனேன். படியில்தான் போனேன்.

அக்காவின் வீட்டு முன்னறை முழுவதும் துணி. ஜன்னலோரம் தையல் இயந்திரம், அதன் மிதியடிக்குப் பக்கத்தில் வக்கீல் படுத்திருந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரு முறை தரையில் தட்டியது. கால்சட்டையின் அடியை மடித்துத் தைக்க வேண்டும் என்றேன். அக்கா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை மடிச்சா கணுக்கால் தெரியும் தம்பி. ஆத்துல எறங்கப் போறீங்களா?"

கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று ஏதோ உளறினேன். அவர் மேலே கேட்காமல் ஊசி குத்தி அடையாளம் வைத்தார். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளும் அது நாயின் கழுத்தில்தான் இருந்தது. கொக்கியைக் காணவில்லை. கயிற்றைக் கழுத்துப்பட்டையோடு சேர்த்துத் தைத்திருந்தார், சோபா தைக்கிற தடித்த நூலால், நான்கு வரிசையாக.

ஏன் என்று கேட்டேன். அக்கா வலது கட்டைவிரலைக் காட்டினார். நாற்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்த விரல், இப்போது மடங்குவதில்லை. கொக்கியை அழுத்தித் திறக்க முடியவில்லை. கயிறு இல்லாமல் தெருவில் போனால் சண்டைக்கு வருகிறார்கள். அதனால் ஒரேயடியாகத் தைத்துவிட்டார். மறுமுனையில் கை நுழைக்கிற வளையத்தையும் சின்னதாக்கிவிட்டாராம், மணிக்கட்டிலிருந்து நழுவாமல் இருக்க.

"யானை இழுத்தாலும் பிரியாது" என்றார். தன் வேலையைப் பற்றி வேலை தெரிந்தவர்கள் பேசும் குரலில் சொன்னார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கதவு சரி என்று எழுதும்போது என்னிடமும் அது இருந்தது.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அக்கா, கயிற்றை மட்டும் கழற்றிவிடுங்கள், அந்தக் கதவு அதைப் பார்க்காது. எட்டே சொல். அடுத்த கேள்வி என்ன வரும் என்றும் தெரிந்தது. அந்தக் கேள்வியை அவர் ஏற்கனவே ஒரு முறை கேட்டிருக்கிறார். தையல் இயந்திரம் நின்றிருந்தது. வக்கீலின் மூச்சு கேட்டது. அக்கா காத்திருந்தார். நான் பேச வந்தவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நேரம் போனது. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தயங்கித் தாவியது, அதன் பேட்டரி தீரப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எப்ப வாங்கிக்கலாம்?" என்றேன்.

"சனிக்கிழமை" என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மனைவி பின்னால் நின்று, சாயங்காலம் கால்சட்டையை வாங்க மறக்காதீர்கள், அரைக்கால் சட்டையாகிவிடப் போகிறது என்றாள். நான் லிஃப்ட்டின் பொத்தானை அழுத்தினேன். வேறு எதையோ நினைத்துக்கொண்டு அழுத்தினேன். மேலே நகங்களின் ஓசை தொடங்கியது விரலை எடுத்த பிறகுதான் காதில் விழுந்தது.

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. உள்ளே அக்கா, கையில் துணிப்பை. அதே நேரத்தில் வக்கீல் படியிலிருந்து வந்து சேர்ந்தது. இத்தனை நாளில் அது பாதி வழியில் அக்காவைப் பார்த்ததில்லை. லிஃப்ட் நடுவில் நின்றதில்லை. ஒரு கணம் திகைத்துவிட்டு உள்ளே ஓடி அவர் காலடியில் நின்றது. அக்காவின் கை தானாகக் கீழே போனது. வருடக்கணக்கான பழக்கம். நாய் பக்கத்தில் வந்தால் வளையம் மணிக்கட்டுக்குப் போகும்.

அப்புறம்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மாறியது. சட்டம் போட்டவன் எதிரே நிற்கிறான்.

"எறங்கு, எறங்கு. உனக்கு இங்க எடமில்ல" என்று முழங்காலால் நாயை வெளியே தள்ளினார். என்னிடம், "அதுவா வந்திருச்சு தம்பி, நான் ஏத்தல" என்றார்.

வக்கீல் சொன்ன பேச்சைக் கேட்டது. வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தது. அக்கா என்னை உள்ளே கூப்பிடவில்லை. நானும், நீங்கள் போங்கள் என்பது போலக் கையைக் காட்டினேன். இந்த முகத்தோடு அவரோடு மூன்று மாடி இறங்க முடியாது என்றுதான் கையைக் காட்டினேன்.

கதவு மூடத் தொடங்கியது. அப்போது கயிற்றைப் பார்த்தேன். என் முழங்கால் உயரத்தில், நாயின் கழுத்திலிருந்து தொய்ந்து, கதவின் இடைவெளிக்குள் போயிருந்தது. இரண்டு கண்களுக்கும் நடுவே.

காலை நீட்டினேன். தோள்பை கதவின் விளிம்பில் இடித்து என்னைத் திருப்பிவிட்டது. கதவு மூடிப் பூட்டிக்கொண்ட ஓசை கேட்டது. பிரேக் விடுபட்ட ஓசையும் கேட்டது. எல்லாம் சரியாக வேலை செய்தது.

நாயைப் பிடிக்கத்தான் கை போனது. பிடித்தால் என்ன ஆகும் என்பதைத் தோலில்லாத ஓர் உள்ளங்கையில் நான் பார்த்திருக்கிறேன். லிஃப்ட்டைத்தான் பிடிக்க வேண்டும். கதவின் மேல் ஓரத்தில் முக்கோண வடிவில் ஒரு சின்னத் துளை உண்டு. அதற்கான சாவி எப்போதும் என் இடுப்பு வளையத்தில் தொங்கும். வெளியிலிருந்து பூட்டைத் திறந்தால் மின்சாரம் அறுபட்டு லிஃப்ட் இருக்கிற இடத்திலேயே நிற்கும். சாவியை உருவினேன். கயிற்றின் தொய்வு தரையோடு இறங்கி மறைந்துகொண்டிருந்தது. முதல் முறை சாவி துளையில் ஏறவில்லை.  வக்கீல் எழுந்து நின்றது, ஒரு அடி இழுபட்டது, கால்களை ஊன்றிப் பார்த்தது, நகங்கள் தரையில் கீறின. அது குரைக்கவே இல்லை. இரண்டாவது முறை சாவி ஏறியது. திருப்பினேன்.

உள்ளே எங்கோ ஒரு குலுக்கல். மோட்டாரின் ஓசை அடங்கியது.

நாயின் தலை தரையில், கதவின் அடியோடு ஒட்டிக் கிடந்தது. நாக்கு வெளியே வந்திருந்தது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே விரல் நுழையவில்லை. பையிலிருந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். நான்கு வரிசைத் தையல் பிரியவில்லை. கயிறுதான் இழை இழையாக அறுபட்டது. கடைசி இழை போனதும் வக்கீல் பக்கவாட்டில் சரிந்தது. பிறகு இருமியது.

கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது. கதவுக்குள்ளிருந்து, மெதுவாக.

"தம்பி. வக்கீல் இருக்கானா?"

"இருக்கான்" என்றேன்.

 அவர் கை என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

மனைவி ஓடிவந்து நாயை மடியில் எடுத்துக்கொண்டாள். நான் கதவை மறுபடி பூட்டிவிட்டு மோட்டார் அறைக்கு ஏறினேன். மெயினை அணைத்து, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்ட்டை ஒரு சாண் ஒரு சாணாக மூன்றாவது மாடிக்குக் கொண்டுவந்தேன். மெயினை மறுபடி போட்டுவிட்டு இறங்கி வந்து கதவைத் திறந்தபோது அக்கா உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தார். வளையம் இன்னும் மணிக்கட்டில் இருந்தது, அதிலிருந்து முழ நீளத்துக்கு அறுந்த கயிறு. மணிக்கட்டு வீங்கிச் சிவந்திருந்தது. விரல்களை அசைக்கச் சொன்னேன். அசைந்தன, கட்டைவிரலைத் தவிர. அது எப்போதும் அசையாதது.

சத்தம் கேட்டு மருந்துக்கடைக்காரர் படியேறி வந்திருந்தார். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, ஆனாலும் படம் எடுத்துவிடுவது நல்லது என்றார். நாயையும் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"பாத்தீங்களா மெக்கானிக்? இதுக்குத்தான் அன்னைக்கே சட்டம் போட்டோம். நீங்க சொன்னது எவ்வளவு சரி."

மனைவி என்னைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினால் போதும். அந்தச் சட்டம் இன்னும் கெட்டியாகிவிடும், நாயே கட்டடத்தில் கூடாது என்றும் ஆகலாம், என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் வாங்கிய நன்றி இப்போது இரண்டாவது முறையாக என் தோளில் கை வைத்து நின்றது.

"சட்டம் போட்டதாலதான் இது" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சொன்னேன். கதவில் இருக்கிற இரண்டு கண்கள், அவற்றுக்கு நடுவே இருக்கிற குருடு, காலை நீட்டிச் சோதித்துவிட்டு நான் போட்ட கையெழுத்துகள், பூந்தொட்டியை முகர்ந்துகொண்டு நின்ற நாய், படியில் உட்கார்ந்து கேள்வி கேட்ட மனிதர். அதிகமாகச் சொல்லவில்லை. நான்கைந்து வாக்கியம்தான். பேசி முடித்தபோது மருந்துக்கடைக்காரரின் கை என் தோளில் இல்லை.

"அப்ப இந்த லிஃப்ட்ல தினம் நாங்க…" என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவருடைய மகள் வீட்டுக் குழந்தை விளையாட்டுக் காரில் நூல் கட்டி இழுத்துக்கொண்டு இந்த லிஃப்டில்தான் வரும். அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "கம்பெனிக்குத் தெரியுமா?"

"இன்னைக்குச் சொல்றேன். கதவை மாத்தற வரைக்கும் லிஃப்ட் ஓடாது."

"உங்க வேலை?"

நான் பதில் சொல்லவில்லை. இந்த முறை மறைப்பதற்கு எதுவும் இல்லை, எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். மனைவி நாயைக் கீழே விட்டுவிட்டு எழுந்தாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று என்னை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறாள். இன்று ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்தாள். இன்னொரு தம்ளரை என்னிடம் நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா பாதித் தண்ணீரைக் குடித்தார், மீதியை உள்ளங்கையில் ஊற்றி நாய்க்குக் காட்டினார். அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அன்னைக்குக் கேட்டேனே தம்பி. லிஃப்ட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும்."

"நீங்க நாயைச் சொன்னீங்க. அவனால மறுத்துப் பேச முடியாதுன்னு சொன்னீங்க." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என்னாலயும் முடியல."

 மருந்துக்கடைக்காரர் மறுபடி கூட்டம் கூட்ட வேண்டும் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். நாய் விஷயம் வேறு, கதவு விஷயம் வேறு, முதல் மாடிப் பெண்ணின் பயம் கதவை மாற்றினால் போய்விடாது என்றும் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அன்று கை தூக்கியவர்கள் எதற்குக் கை தூக்கினோம் என்று தெரிந்து இன்னொரு முறை தூக்கட்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். ஒவ்வொரு படியிலும் கால் வைத்துப் பார்த்து இறங்குவது போல இருந்தது அவர் நடை.

நான் லிஃப்ட்டை நிறுத்திவைக்கத் திரும்பினேன். அக்கா சுவரைப் பிடித்து எழுந்தார்.

"எங்களை ஏத்தி விட்டுட்டு அப்புறம் நிறுத்துங்க. இன்னைக்கு அறுபது படி ஏற எனக்கு மூச்சில்ல."

"நானும் வரேன்கா."

"வாங்க. உங்க கால்சட்டையும் மேலதான் இருக்கு. மடிக்கல. அளவு சரியாத்தான் இருந்துச்சு."

வக்கீலை முதலில் உள்ளே விட்டேன். பிறகு அக்கா. கடைசியாக நான், ஒரு கையால் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு. அக்காவின் மணிக்கட்டிலிருந்து வளையத்தோடு வெட்டியெடுத்த கயிறு என் சட்டைப்பையில் இருந்தது. மூன்று பேருக்கு அந்தப் பெட்டி நெருக்கமாகத்தான் இருந்தது. நாயின் வெப்பம் என் காலில் பட்டது. அது இன்னும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. 

ஆறாவது மாடிக்கான பொத்தானை அக்கா இடது கையால் அழுத்தினார். கதவு மூடத் தொடங்கியது. நான் குனிந்து தரையைப் பார்த்தேன். நாயினுடையது நான்கு, அக்காவினுடையது இரண்டு, என்னுடையது இரண்டு. எட்டுக் கால்களும் உள்ளே இருந்தன. கதவு பூட்டிக்கொண்ட ஓசை கேட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.